ஒன்ராறியோவில் உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது எப்படி: ஆஸ்பத்திரி முதல் அகதி விசாரணை வரை

ஒன்ராறியோவில் ஆங்கிலமோ பிரெஞ்சோ கதைக்கத் தெரியாதவர் ஆஸ்பத்திரியிலும் பொலிஸிடமும் அகதி விசாரணையிலும் தமிழிலேயே பேசலாம். பெரும்பாலான இடங்களில் அதற்கு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. ஆனால் இந்தச் சேவை தானாக வந்து நிற்காது. கேட்க வேண்டும், முன்கூட்டியே கேட்க வேண்டும், எந்த ஊர்த் தமிழ் என்பது வரை சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் என்ன நடக்கும்? பத்து வயதுப் பேத்தி, அம்மம்மாவின் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி வைத்தியர் சொல்வதைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்ல முயன்றுகொண்டு நிற்பாள்.

புதிதாக வந்து இறங்கியவர்கள், பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து வந்து வீட்டோடு இருக்கும் வயோதிபர்கள், இவர்களுக்குத் துணை போகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம்.

இரண்டு வேலை, இரண்டு ஆட்கள்

வாயால் சொல்வதை வாயால் மாற்றித் தருபவர் உரைபெயர்ப்பாளர். எழுத்தில் இருப்பதை எழுத்தில் மாற்றித் தருபவர் மொழிபெயர்ப்பாளர். நம்மவர்கள் இரண்டையும் 'ட்ரான்ஸ்லேஷன்' என்றே சொல்வதால் அலுவலகங்களில் குழப்பம் வருகிறது. வைத்தியரிடம் போக ஆள் வேண்டும் என்று நினைத்து 'ட்ரான்ஸ்லேட்டர்' என்று கேட்டால், பிறப்புச் சான்றிதழ் மொழிபெயர்க்கும் இடத்தின் விலாசத்தைத் தந்து அனுப்பிவிடுவார்கள். ஆள் வேண்டுமென்றால் 'இன்டர்ப்ரெட்டர்' என்று கேளுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டிய வசனம் ஒன்றுதான்: "ஐ நீட் எ டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்."

உரைபெயர்ப்பு மூன்று வழிகளில் கிடைக்கும். பத்து நிமிடக் கதைக்கும் அவசரத்துக்கும் தொலைபேசி போதும். முகம் பார்க்க வேண்டிய சந்திப்புக்குக் காணொளி நல்லது. காது மந்தமான வயோதிபர், மறதி நோய் உள்ளவர், மனநலச் சிகிச்சைக்கு வந்தவர், கெட்ட செய்தி கேட்கப் போகிறவர் ஆகியோருக்கு ஆள் நேரில் வர வேண்டும். எண்பது வயது ஐயாவின் முன்னால் ஸ்பீக்கர் தொலைபேசியை வைத்து, அதற்குள்ளிருந்து வரும் முகமில்லாத குரலோடு கதைக்கச் சொன்னால், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவர் "ஓம், ஓம்" என்றுதான் சொல்லுவார்.

எங்கே சட்ட உரிமை, எங்கே வசதி மட்டும்

இந்த வேறுபாடு தெரிந்தால் எங்கே எவ்வளவு அழுத்திக் கேட்கலாம் என்பது தெரியும்.

நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் அது உரிமை. 1982ஆம் ஆண்டின் கனடிய உரிமைகள் சாசனத்தின் 14ஆம் பிரிவு, வழக்கு நடக்கும் மொழி விளங்காத தரப்பினருக்கும் சாட்சிக்கும் காது கேளாதவருக்கும் உரைபெயர்ப்பாளரின் உதவியை உறுதி செய்கிறது. அந்த உரைபெயர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கனடிய உச்ச நீதிமன்றம் 1994இல் ட்ரான் வழக்கில் சொன்னது: இடைவிடாமல், துல்லியமாக, பக்கம் சாராமல், தகுதியுள்ளவரால், பேச்சு நடக்கும் அதே நேரத்தில். அந்த வழக்கில் உரைபெயர்ப்பாளரே குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்புச் சாட்சியாகவும் நின்றார். தான் சொன்ன சாட்சியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு முழுமையாக மாற்றித் தராமல், கடைசியில் சுருக்கிச் சொல்லி முடித்தார். உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. "கன நேரம் கதைச்சவை, சாரம் இதுதான்" என்று எவராவது உங்களுக்குச் சுருக்கிச் சொன்னால் இந்த வழக்கை நினைவில் வையுங்கள். சுருக்கம் உரைபெயர்ப்பு ஆகாது.

ஆஸ்பத்திரியில் நிலைமை கொஞ்சம் வேறு. காது கேளாத நோயாளருக்குச் சைகைமொழி உரைபெயர்ப்பாளரைத் தராமல் விடுவது சாசனத்துக்கு முரண் என்று 1997இல் எல்ட்ரிஜ் வழக்கில் தீர்ப்பானது. பேச்சு மொழிகளுக்கு அவ்வளவு நேரடியான தீர்ப்பு இல்லை. ஆனாலும் ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டப்படி, என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்பதெல்லாம் விளங்கிக் கொடுத்தால்தான் அது சம்மதம். விளங்காமல் வைத்த கையெழுத்து வைத்தியருக்கும் பாதுகாப்பில்லை. ஆகவே சத்திரசிகிச்சைப் பத்திரத்தை நீட்டும்போது "எனக்கு விளங்கவில்லை, தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்வது அவர்களுக்கும் நன்மைதான். ரொறன்ரோவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தொலைபேசி உரைபெயர்ப்பு ஒப்பந்தத்தில் இருக்கும். சிறிய குடும்ப வைத்தியர் கிளினிக்கில் அது இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சமூக சுகாதார நிலையங்களில் கிடைக்கும் வாய்ப்பு கூட. ஓஹிப் (மாகாண மருத்துவக் காப்புறுதி) அட்டை இல்லாதவர்களையும் அங்கே பார்ப்பார்கள்.

எண்கள் சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். 911 அவசரத்துக்கு. 811 இல் இருபத்துநான்கு மணி நேரமும் தாதியோடு கதைக்கலாம். 211 தங்குமிடம், உணவு, குடியேற்ற உதவி எங்கே என்று சொல்லும். மூன்றிலும் ஆங்கிலத்தில் "டமில்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுக் காத்திருங்கள், உரைபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இணைக்கும் அந்த நேரத்தில் பாட்டு ஓடும், அல்லது ஒரு சத்தமும் இருக்காது. பலர் அதில்தான் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். வைக்கக் கூடாது. 911 என்றால், 'ஆம்புலன்ஸ்', 'பொலிஸ்', 'ஃபயர்' என்பவற்றில் வேண்டியதையும் வீட்டு விலாசத்தையும் முதலில் ஆங்கிலத்தில் சொல்லிவிட வேண்டும். உரைபெயர்ப்பாளர் வரும் முன்பே வண்டி புறப்படலாம். அம்மாவுக்கு வேறு ஆங்கிலம் ஒன்றும் வராவிட்டாலும் விலாசத்தையும் தொடர்மாடி இலக்கத்தையும் சொல்லிப் பழக்குங்கள். ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வீட்டு வன்முறை, பாலியல் வன்முறை, ஆட்கடத்தல் ஆகியவற்றுக்கு ஆளானவர்களுக்கு மாகாண அரசின் காசில் தனி உரைபெயர்ப்புச் சேவை இருக்கிறது. அதைப் பாதிக்கப்பட்டவர் தானே ஒழுங்கு செய்யத் தேவையில்லை. அவர் போய்ச் சேரும் பெண்கள் தங்குமிடம், ஆஸ்பத்திரி, பொலிஸ், சட்டத்தரணி அலுவலகம் ஆகியவை ஒழுங்கு செய்யும். தொலைபேசியில் மட்டும் கதைக்க விரும்பும் பெண்களுக்கு அசோல்ட்டட் விமன்ஸ் ஹெல்ப்லைனின் 1-866-863-0511 என்ற இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது, அங்கும் தமிழ் கேட்கலாம். கதைத்து முடிந்ததும் தொலைபேசியின் அழைப்புப் பட்டியலிலிருந்து அந்த இலக்கத்தை அழித்துவிடுங்கள்.

வீட்டாரை ஏன் நிறுத்தக் கூடாது

மகனுக்கு இரண்டு மொழியும் தெரியும், அம்மாவின் கதையும் தெரியும், வேறு ஆள் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் மகனுக்கு அம்மாவின் மேல் பாசம் இருக்கிறது, பயம் இருக்கிறது, சில வேளை சொந்த நலனும் இருக்கிறது. புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னால் "சின்னக் கட்டி, மருந்து தருவினம்" என்று மகன் சொல்லிவிடுவான். அம்மாவுக்கு மகன் முன் சொல்ல முடியாத விசயங்கள் உண்டு: கருப்பை இறக்கம், சிறுநீர் அடக்க முடியாமை, மருமகளோடு பிரச்சினை, காசு கையில் தராமை. வயோதிபரை வீட்டுக்குள் வதைப்பவரே கிளினிக்கில் உரைபெயர்ப்பாளராக நிற்பதும் நடக்கும். அப்போது அந்த மனிசிக்கு வாயே இல்லை.

கணவன் மனைவிக்கோ, மனைவி கணவனுக்கோ, பிள்ளை பெற்றோருக்கோ உரைபெயர்க்க வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் எந்த மருத்துவ, சட்ட விசயத்துக்கும் வேண்டாம். பேருந்து இலக்கம் கேட்கலாம், மருந்துக்கடை எத்தனை மணிக்குப் பூட்டும் என்று கேட்கலாம், அதோடு சரி. வீட்டார் கூடவே இருக்கலாம், கையைப் பிடித்துக்கொள்ளலாம், மருந்துப் பெட்டியைக் கொண்டுவரலாம். வாயை மட்டும் உரைபெயர்ப்பாளரிடம் விட்டுவிட வேண்டும்.

கைத்தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலிக்கும் இதே எல்லைதான். கடைப் பலகை வாசிக்க உதவும். பேச்சுத் தமிழை, அதுவும் யாழ்ப்பாண, மட்டக்களப்பு, மலையகப் பேச்சைச் செயலி அடிக்கடி தவறாகப் பிடிக்கும். பிழையை அது சந்தேகத்தோடு சொல்லாது, சரளமான ஆங்கிலத்தில் சொல்லும் என்பதுதான் ஆபத்து.

கேட்கும்போது கொடுக்க வேண்டிய விவரங்கள்

சந்திப்பு நேரம் எடுக்கும் அதே அழைப்பிலேயே உரைபெயர்ப்பாளரையும் கேளுங்கள். போன இடத்தில் கேட்டால் தொலைபேசி உரைபெயர்ப்பு மட்டும்தான் கிடைக்கும், சில இடங்களில் அதுவும் கிடைக்காது. கேட்டதை உங்கள் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை கணினியிலேயே தெரியும்.

முதலாவது, மொழி மட்டும் போதாது. "இலங்கைத் தமிழ்" என்றோ "இந்தியத் தமிழ்" என்றோ சொல்லுங்கள். ஏன் என்பது கீழே வரும். இரண்டாவது, ஆணா பெண்ணா. மகப்பேறு, பாலியல் வன்முறை, சித்திரவதை பற்றிய கதை என்றால் இதைத் தயங்காமல் கேளுங்கள். தடுப்பில் வதைபட்ட ஆண்கள் பலர் இன்னொரு தமிழ் ஆண் முன் வாய் திறக்க மாட்டார்கள், அவர்களும் கேட்கலாம். மூன்றாவது, சொந்தக்காரர், ஊரவர், ஒரே கோவிலுக்குப் போகிறவர் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஸ்காபரோ சின்ன இடம். தெரிந்த முகம் உள்ளே வந்தால், தொடங்கும் முன்பே "இவரை எனக்குத் தெரியும், வேறு ஆள் வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல உரைபெயர்ப்பாளர் தானே அதைச் சொல்லி விலகுவார். நான்காவது, நேரம். ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை சொல்லப்படுவதால், பதினைந்து நிமிடச் சந்திப்புக்கு முப்பது நிமிடம் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால், கடைசி ஐந்து நிமிடம் ஓட்டமாக ஓடி, மருந்து எப்படி எடுப்பது என்ற பகுதிதான் தப்பிப்போகும்.

சந்திப்பு நடக்கும்போது

உரைபெயர்ப்பாளர் முதலில் தன்னை அறிமுகம் செய்து மூன்று விசயம் சொல்ல வேண்டும்: சொல்வதெல்லாவற்றையும் மாற்றுவேன், எதையும் வெளியில் கொண்டு போக மாட்டேன், என் சொந்தக் கருத்தைச் சேர்க்க மாட்டேன். தொலைபேசி என்றால் தன் அடையாள இலக்கத்தைச் சொல்லுவார். அதை எழுதிவையுங்கள்.

அதன் பிறகு வைத்தியரைப் பார்த்துக் கதையுங்கள், உரைபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. "எனக்கு நோகுது" என்று நீங்கள் சொன்னால் அவரும் "எனக்கு நோகிறது" என்றே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "அவவுக்கு நோகுதாம்" என்று மாற்றத் தொடங்கினால் யார் சொன்னது, யார் நினைத்தது என்பது கலங்கிவிடும். இரண்டு மூன்று வசனம் சொல்லி நிறுத்துங்கள். பாதி வசனத்தில் நிறுத்தக் கூடாது, ஐந்து நிமிடம் தொடர்ந்தும் கதைக்கக் கூடாது. விளங்காத சொல் வந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். உரைபெயர்ப்பாளரிடம் "தம்பி, இது நல்லதோ கெட்டதோ, நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்க நம்மவர்களுக்கு ஆசை வரும். அவர் அந்தக் கேள்வியையே ஆங்கிலத்தில் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும், பதில் சொல்லக் கூடாது. வைத்தியர் வெளியே போன பின் உரைபெயர்ப்பாளரும் வெளியே போய்விடுவார். அதை மரியாதைக் குறைவாக எடுக்காதீர்கள், அவருக்குக் கற்றுக்கொடுத்த முறை அது.

கடைசியில் ஒரு காரியம் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். வைத்தியர் சொன்னதை நீங்களே திரும்பச் சொல்லுங்கள்: "வெள்ளைக் குளிசை ஒன்று காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து நாள், பிறகு இரத்தப் பரிசோதனை, சரிதானே?" உரைபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்ல, வைத்தியர் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லட்டும். பிழைகளில் கனக்க இந்தப் படியில்தான் பிடிபடும்.

தமிழுக்குள்ளேயே தவறிப் போகும் சொற்கள்

"அம்மாவுக்கு ரெண்டு நாளா வருத்தம்" என்று யாழ்ப்பாணத்தவர் சொன்னால் உடம்பு சுகமில்லை என்று பொருள். தமிழ்நாட்டுக் காதில் அது மனக்கவலை. "கால் விறைச்சுப் போச்சு" என்பது ஈழத்தில் பெரும்பாலும் உணர்ச்சி இல்லாமை, தமிழ்நாட்டில் மரத்துப் போதல் என்பார்கள். அங்கே விறைப்பு என்றால் மடக்க முடியாத இறுக்கம். பக்கவாதம் பார்க்கும் வைத்தியருக்கு இரண்டும் இரண்டு நோய். 'மயக்கம்' தலைச்சுற்றாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம், சத்திரசிகிச்சைக்குக் கொடுக்கும் மருந்தாகவும் இருக்கலாம். 'நெஞ்செரிவு' என்றால் நோயாளர் கை வைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இதனால்தான் மருத்துவ விசயத்தில் ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் விவரித்துச் சொல்லும்படி கேட்கிறோம்: எங்கே, எப்படி, எப்போதிருந்து, தொட்டால் தெரிகிறதா, எழும்பி நிற்க முடிந்ததா.

பொலிஸிலும் வன்முறை வழக்கிலும் 'பேசினார்' என்ற சொல் பெரிய ஆபத்து. "அவர் என்னைப் பேசினவர்" என்று ஈழத்துப் பெண் சொன்னால் ஏசினார், திட்டினார் என்று அர்த்தம். அது "அவர் என்னோடு கதைத்தார்" என்று பொலிஸ் குறிப்பில் ஏறினால் முறைப்பாட்டின் முதுகெலும்பே போய்விடும். ஏசியது என்ன சொற்களால் என்று அப்படியே சொல்லுங்கள். தூசணமாக இருந்தாலும் சொல்லுங்கள், உரைபெயர்ப்பாளரும் மென்மைப்படுத்தாமல் மாற்றக் கடமைப்பட்டவர்.

அகதிக் கோரிக்கையில் இன்னும் ஆழம். 'பிடிச்சுக்கொண்டு போனவை' என்ற ஒரே தொடர் கைதாகவும் இருக்கலாம், கடத்தலாகவும் இருக்கலாம், இயக்கத்துக்குக் கட்டாயமாக ஆட்சேர்த்ததாகவும் இருக்கலாம். யார், என்ன உடுப்பில், எந்த வண்டியில், எழுத்தாணை காட்டினார்களா என்று சேர்த்துச் சொன்னால்தான் ஆங்கிலத்தில் சரியான சொல் விழும். 'காணாமல் போனவர்' வேறு, 'காணாமல் ஆக்கப்பட்டவர்' வேறு. இரண்டாவதில் குற்றம் செய்தவர் இருக்கிறார். 'விசாரிச்சவை' என்பதற்கு நலம் விசாரித்தார்கள் என்றும் அர்த்தம் உண்டு.

உறவுமுறையும் அப்படித்தான். பெரியப்பாவின் மகனை 'அண்ணா' என்கிறோம். பத்திரத்தில் உடன்பிறந்த சகோதரர் இல்லை என்று எழுதிவிட்டு, விசாரணையில் "அண்ணாவைச் சுட்டவை" என்று சொன்னால் அது முரண்பாடாகப் பதியப்படும். "பெரியப்பாவின் மகன், அண்ணா என்று கூப்பிடுவேன்" என்று முதல் தரமே முழுமையாகச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது மாதப் பெயர். இலங்கையில் தை என்றால் ஜனவரி, வைகாசி என்றால் மே, ஆடி என்றால் ஜூலை, ஆங்கில மாதத்துக்கே அந்தப் பெயர். தமிழ்நாட்டில் வைகாசி மே நடுவில்தான் பிறக்கும். "2009 வைகாசி 10ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் செல் விழுந்து காயப்பட்டேன்" என்று வன்னியில் இருந்து வந்தவர் சொல்கிறார். அவர் சொல்வது மே 10. தமிழ்நாட்டுக் கணக்கில் மாற்றினால் மே 24 வரும். போர் முடிந்ததோ அந்த மே 18, 19இல். உண்மை பேசியவர் ஒரு திகதியால் பொய்யராகத் தெரிவார். எப்போதும் ஆங்கில மாதப் பெயரோடும் இலக்கத்தோடும் திகதியைச் சொல்லுங்கள்.

அகதி விசாரணை: படிப்படியாக

அகதிக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு, அகதிகள் சபையே விசாரணைக்கான உரைபெயர்ப்பாளரை இலவசமாகத் தரும். நீங்கள் ஆள் கொண்டுபோகத் தேவையில்லை. கோரிக்கையின் அடிப்படைப் படிவத்தில் மொழியும் வட்டார வழக்கும் கேட்கும் இடம் ஒன்று உண்டு. அதில் தமிழ் என்று மட்டும் எழுதி விடாமல் இலங்கைத் தமிழ் என்று எழுதுங்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அந்தப் படிவத்தை நிரப்ப உதவும் உரைபெயர்ப்பாளர் வேறு ஆள். அவர் முழுப் படிவத்தையும் தமிழில் உங்களுக்கு வாசித்துக் காட்டி, அப்படி வாசித்ததாகக் கையெழுத்து வைக்க வேண்டும். வாசித்துக் காட்டாமல் "எல்லாம் சரியா இருக்கு, இதில வையுங்கோ" என்றால் கையெழுத்து வைக்கக் கூடாது. விசாரணையில், கோரிக்கையைத் தீர்மானிக்கும் சபை உறுப்பினர் கையில் இருக்கப் போவது அந்தத் தாள்தான். காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்லச் சட்டத்தரணிகள், உரிமம் பெற்ற ஆலோசகர்கள் போன்ற அனுமதி பெற்றவர்களுக்குத்தான் சட்டம் இடம் தருகிறது. உரைபெயர்ப்பாளர் "இந்தக் கதையை இப்படி மாத்திச் சொல்லுங்கோ, வெல்லும்" என்றால் அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள்.

இப்போது விசாரணைகள் பெரும்பாலும் கணினிவழிக் காணொளியில் நடக்கின்றன. பூட்டக்கூடிய அறை, கம்பியோடு கூடிய ஹெட்செட், மின்னூட்டம் ஏற்றிய கணினி ஆகியவற்றை ஒழுங்கு செய்யுங்கள். தலையாட்டாதீர்கள், பதிவில் தலையாட்டல் கேட்காது. தொடக்கத்தில் உறுப்பினர் "ஒருவருக்கொருவர் விளங்குகிறதா?" என்று கேட்பார். மரியாதைக்காக ஓம் சொல்லும் இடம் அதுவல்ல. இரண்டு மூன்று வசனம் உங்கள் இயல்பான பேச்சில் கதைத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஆங்கிலம் ஓரளவு விளங்கினாலும் உரைபெயர்ப்பு முடியும் வரை பொறுங்கள். அந்தச் சில வினாடிகள் யோசிக்கவும் உதவும். தமிழும் ஆங்கிலமும் கலக்காதீர்கள்.

உரைபெயர்ப்பில் பிழை கேட்டால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். மொஹமதியான் வழக்கில் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் சொன்னது இதுதான்: ஆட்சேபணையை முதல் வாய்ப்பிலேயே எழுப்பாமல், தோற்ற பிறகு உரைபெயர்ப்பைக் குறை சொல்ல முடியாது. "மன்னிக்கவும், நான் சொன்னது அதுவல்ல" என்று தமிழில் சொன்னால் போதும். சட்டத்தரணியிடம் அதைப் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். உரைபெயர்ப்பாளர் மனம் நோகும் என்று நம்மவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவருக்கு அது வேலையின் ஒரு பகுதி.

பத்திரங்கள்

இங்கே இரண்டு அலுவலகத்துக்கு இரண்டு விதி, கலக்க வேண்டாம். அகதிகள் சபைக்கு ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு, மொழிபெயர்த்தவரின் பெயர், எந்த மொழியிலிருந்து என்ற விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற கூற்று, கையெழுத்து ஆகியவை கொண்ட அறிவிப்பு வேண்டும். பொதுவாக விசாரணைக்கு 10 நாள் முன் அது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

குடிவரவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தால் கட்டாயம் கூட. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் மொழிபெயர்த்தவரே சத்தியக் கடதாசி முடித்துத் தர வேண்டும். எதைப் பார்த்து மொழிபெயர்த்தாரோ அந்தப் பிரதியும் கூடவே போக வேண்டும். விண்ணப்பதாரர், கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, சகோதரர், மாமா, மாமி, மருமக்கள், மச்சான், மச்சாள் எவரும் மொழிபெயர்க்கக் கூடாது. அந்த உறவினர் சட்டத்தரணியாகவோ சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும் கூடாது. ஒன்ராறியோவில் 'சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர்' என்ற பட்டத்தை 1989ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண மொழிபெயர்ப்பாளர், உரைபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்று பெற்றவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. கடைப் பலகையில் எழுதியிருப்பதை நம்பாமல் சங்கத்தின் பட்டியலில் பெயரைத் தேடிப் பாருங்கள். நொத்தாரிசு முத்திரை குத்தினால் மொழிபெயர்ப்பு சரியாகிவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். நொத்தாரிசு உறுதிப்படுத்துவது கையெழுத்தையும் சத்தியத்தையும்தான், தமிழை அல்ல.

மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன் பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்து முத்திரையும் ஓரத்தில் கையால் எழுதிய திருத்தமும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். முத்திரை விடுபட்டதற்காகவே விண்ணப்பம் திரும்பி வரலாம். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி சிங்களத்தில் இருந்தால் அதற்குச் சிங்களம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் "சிங்களமும் கொஞ்சம் தெரியும்" என்றால் கொடுக்காதீர்கள். கடவுச்சீட்டின் பெயர்ப் பக்கத்தைக் கூடவே கொடுங்கள். சிவகுமாரன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதலாம், கடவுச்சீட்டில் இருக்கும் ஒரு விதம்தான் வர வேண்டும். தகப்பன் பெயர் முன்னுக்கு வரும் நம் வழக்கம் குடும்பப் பெயர்க் கட்டத்தில் குழப்பம் தரும், அதற்கும் கடவுச்சீட்டே அளவுகோல்.

கையில் வந்ததும் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் நீங்களே சரிபார்க்கக்கூடியவை இருக்கின்றன: பிறந்த திகதி, பதிவு இலக்கம், வழங்கிய திகதி, அடையாள அட்டை இலக்கம். மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் பாருங்கள். 1 உம் 7 உம் கையெழுத்தில் ஒன்று போலவே இருக்கும்.

பிழை நடந்துவிட்டால்

அன்றைக்கே எழுதிவையுங்கள்: திகதி, நேரம், இடம், உரைபெயர்ப்பாளரின் அடையாள இலக்கம், நீங்கள் சொன்ன தமிழ் வசனம், அது எப்படி மாற்றப்பட்டது. ஆஸ்பத்திரியில் 'பேஷன்ட் ரிலேஷன்ஸ்' அலுவலகத்திடம் கொடுக்கலாம், அதற்கும் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மருந்து அளவு மாறிவிட்டது என்ற சந்தேகம் இருந்தால் முறைப்பாடு பிறகு, முதலில் மருந்தாளரையோ 811ஐயோ அழையுங்கள். அகதி விசாரணை என்றால் சபையின் ஒலிப்பதிவைச் சட்டத்தரணி மூலம் எடுத்து, அந்த விசாரணையோடு தொடர்பில்லாத இன்னொரு உரைபெயர்ப்பாளரை வைத்துக் கேட்க வேண்டும். எந்த நிமிடத்தில் என்ன பிழை என்று அவர் எழுதித் தரட்டும். நிராகரிப்பின் எழுத்துக் காரணங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 15 நாள்தான் உண்டு. ஒலிப்பதிவுக்கான விண்ணப்பத்தை முதல் நாளே போடுங்கள்.